போக்கு என்ற சொல்

சண்முகசுந்தரிக்கு இரண்டு மொழியிலும் சரளம் என்று தச்சநல்லூரில் ஒரு பேச்சு உண்டு. எட்டாம் வகுப்பு வரை பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அப்பா தாலுகா ஆபீஸில் வேலையாக இருக்கும்போதே மேஜையில் சாய்ந்து செத்துப்போனார். அதற்குப் பிறகு நடந்து போகிற தூரத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம். அம்மா அதற்கு முன்பே இல்லை. அவளுக்குப் பதினாலு வயது, தம்பி நடராஜுக்கு ஆறு. சீவலப்பேரிப் பக்கம் இருந்த வயல் துண்டு துண்டாகக் கைமாறியது. வீடு மட்டும் மிஞ்சியது. பெரியப்பா வீட்டார் மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தம்பிக்குத் தலை சீவிவிட்டதும், காய்ச்சலுக்குக் கஷாயம் போட்டதும், பத்தாம் வகுப்பில் மூன்று முறை தோற்றபோது உதைத்ததும் அவள்தான். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் மாப்பிள்ளை வீட்டார் தம்பியை எங்கே விடுவதாக உத்தேசம் என்று கேட்டார்கள். மூன்றாவதாக யாரும் வரவில்லை.

நடராஜ் லாரி ஓட்டப் பழகினான். எண்பத்து நாலில் பாளையங்கோட்டை மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது டிரைவராகச் சேர்ந்துவிட்டான். அவன் போன பிறகு வீடு காலியாகிவிட்டது. சுந்தரி தபால் வழியில் எம்.ஏ. படித்தாள். தொண்ணூறில் அவனுக்குத் திசையன்விளையில் பெண் பார்த்து மதுமதியைக் கட்டிவைத்தாள். அடுத்தடுத்த வருஷங்களில் மகள் விஜயஸ்ரீ பிறந்தாள், நடை பழகினாள், பள்ளிக்கூடம் போனாள். நடராஜ் வருஷத்துக்கு இரண்டு மாதம் வந்து போனான். வீட்டில் மூன்று பெண்கள். சாவி சுந்தரியின் இடுப்பில் இருந்தது.

ஜங்ஷனில் ஒரு லாட்ஜின் மாடியில் அப்பாத்துரை நடத்திய டுடோரியலில் அவளுக்கு வேலை. வேறு வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. எழுதுகிறவர்கள் வருவார்கள். ஜவுளிக்கடைச் சிப்பந்தி, கண்டக்டர், பதவி உயர்வுக்குப் படிக்கிற போலீஸ் ஏட்டு, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிற பெண்கள். அரசியல் பாடத்துக்குத் தமிழில் சரியான புத்தகம் கிடையாது. இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துச் சுந்தரி தமிழில் பாடம் எழுதிக் கொடுப்பாள், அதை அச்சடித்துத் தைத்துத் தருவார்கள். பெரிய டவுன்களிலிருந்துகூட ஆள் அனுப்பி அந்தப் பாடங்களை வாங்கிப்போனார்கள்.

தொண்ணூற்றாறில் ஒரு பாடம் எழுதவேண்டி வந்தது. பதினோராம் பாடம், மக்களாட்சியும் உலக அமைதியும் என்று தலைப்பு. அதை எழுத அவளுக்கு ஒரு வாரம் ஆனது. பிடித்துப் போய் எழுதினாள். இருநூறு வருஷத்துச் சண்டைகளை யாரோ உட்கார்ந்து வரிசைப்படுத்திப் பார்த்திருந்தார்கள். ராஜாக்கள் ராஜாக்களோடு சண்டை போட்டிருக்கிறார்கள். சர்வாதிகாரிகள் எல்லோரோடும் போட்டிருக்கிறார்கள். ஓட்டுப் போடுகிற நாடுகளும் ராஜாக்களோடு போட்டிருக்கின்றன. ஆனால் ஓட்டுப் போடுகிற இரண்டு நாடுகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வகுப்பில் அவள் இதைச் சொல்லும் விதமே தனி. "ராஜா சண்டைக்குப் போனா அரண்மனையில ஒரு கரண்டி நெய் குறையாது. சாகுதவன் வேற ஆளு. சாகப்போறவன் கையில ஓட்டு இருந்தா? சண்டைக்குக் கிளம்புதவரு முதல்ல அவன் வாசல்ல வந்து நிக்கணும். 'உன் மகனைக் குடு'ன்னு கேக்கணும். எத்தனை பேரு குடுப்பாங்க?" பிறகு வாய்க்கால் கதைக்கு வருவாள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிப் பழகியவன் மடையில் மண்வெட்டியை ஓங்குவதற்கு முன் ஒருதரம் பேசிப் பார்ப்பான். எதிரே நிற்பவனும் முறைக்குப் பழகியவன் என்று தெரிந்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டே பேசுவான். தேர்தலில் தோற்றவன் அடுத்த தேர்தல் வரைக்கும் பொறுத்திருக்கக் கற்றவன். இரண்டு நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் பேச்சுக்கு இடம் உண்டு. மேலும், ஓட்டுப் போடுகிற நாட்டில் ரகசியம் தங்காது. இவன் என்ன நினைக்கிறான் என்று அவன் பேப்பரிலேயே படித்துக்கொள்ளலாம்.

பாடத்தை முடித்து அப்பாத்துரையிடம் கொடுத்தபோதுதான் அந்தச் சொல்லில் சிக்கல் வந்தது. இங்கிலீஷில் 'டெண்ட்' (tend) என்று ஒரு சின்னச் சொல் இருந்தது. மக்களாட்சி நாடுகள் தமக்குள் சமாதானமாக இருக்கும் பக்கம் சாய்கின்றன என்பது போல. ஒரேயடியாக அப்படித்தான் என்று இல்லை. சுந்தரி யோசித்து யோசித்து, "தமக்குள் போரிடாதிருக்கும் போக்கு உடையவை" என்று எழுதியிருந்தாள்.

அப்பாத்துரை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "போக்கா? என்ன போக்கு டீச்சர், வயித்துப்போக்கா?"

பக்கத்தில் பாடம் தைத்துக்கொண்டிருந்த சாரம்மாள் நூலை வாயில் கடித்தபடியே சிரித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அதுக்கு வேற சொல் இல்லை."

"இல்லைன்னா விடுங்க. சிரிச்சே செத்துருவானுவ. பரீட்சையில எழுதும்போதும் அதுதான் ஞாபகம் வரும்."

"அப்ப, 'பெரும்பாலும் போரிடுவதில்லை'?"

"பெரும்பாலும், பொதுவாக, ஏறக்குறைய! இதெல்லாம் எழுதினா திருத்துதவன் என்ன நினைப்பான்? பயலுக்குச் சரியாத் தெரியலைன்னு நினைப்பான். ரெண்டு மார்க்கு போயிரும். அடிச்சு எழுதுங்க டீச்சர். போரிடுவதில்லை. முற்றுப்புள்ளி."

சுந்தரி சிவப்பு மையை எடுத்தாள். அச்சான பாடத்தில், "மக்களாட்சி நாடுகள் தமக்குள் போரிடுவதில்லை" என்று வந்தது. கொட்டை எழுத்தில், அடிக்கோடு போட்டு. மூன்று வருஷம் அதையே சொல்லிக் கொடுத்தாள். சொல்லச் சொல்ல, தான் மாற்றியதை அவளே மறந்துபோனாள். அப்போதெல்லாம் சாதிச் சண்டையில் வாரக்கணக்கில் பஸ் ஓடாத நாட்கள் இருந்தன. வகுப்புக்கு நாலு பேர் வந்த ஒரு நாளில் அப்பாத்துரை மாடிப்படியில் நின்று, "நாடும் நாடும் அடிச்சுக்காதுன்னு எழுதிட்டீங்க. தெருவும் தெருவும் என்ன செய்யும்னு ஒரு பாடம் போடுங்க டீச்சர். இங்கன எல்லாப் பயலும் ஓட்டுப் போடுதான்லா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே சாக்பீஸைத் தேடினாள்.

தொண்ணூற்றொன்பது பிப்ரவரி கடைசியில் டுடோரியல் விலாசத்துக்கு நடராஜின் கடிதம் வந்தது. வீட்டுக்குத்தான் எழுதுவான், இங்கே எழுதியதே இல்லை. அவன் அப்போது காஷ்மீரில் மலைப்பாதையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷம் மார்ச்சோடு முடிகிறது. வெளியே வரலாம். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஹவில்தார் ஆகலாம். மார்ச் பத்துக்குள் சொல்லவேண்டும்.

"மதியிடம் வந்துவிடுகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். தச்சநல்லூரில் ஒரு பள்ளிக்கூட வேனுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று அவளும் விசாரித்து வைத்திருக்கிறாள். இங்கே பேசுகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பனி உருகினால் சண்டை வரும் என்று சிலர். பிரதம மந்திரியே பஸ்ஸில் எல்லை தாண்டிப் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்திருக்கிறார், இனி என்ன சண்டை என்று சிலர். எனக்குப் புத்தி போதாது. நீ இதையெல்லாம் படித்துச் சொல்லிக் கொடுக்கிறவள். சண்டை வருமா, வராதா? நீ சொல்வதுபோல் செய்கிறேன். மதியிடம் சொல்லவேண்டாம்."

அவள் அன்றைக்கே பதில் எழுதினாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, கரும்பலகையைக்கூட அழிக்காமல், ஒரு இன்லண்ட் கடிதத்தில். "இரண்டு பக்கமும் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வைத்த சர்க்கார். அப்படிப்பட்ட நாடுகள் தமக்குள் போரிடுவதில்லை. இது வாய்ப்பேச்சு இல்லை, ஆராய்ந்து கண்டது. பயப்படாமல் எழுதிக் கொடு. ஹவில்தாராக வா."

ஜங்ஷன் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வரும் வழியெல்லாம் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. தம்பி தன்னைக் கேட்டான் என்ற பெருமை அது என்று நினைத்துக்கொண்டாள். வேறொன்றும் அதற்குள் இருந்தது. நடராஜ் வந்துவிட்டால் அது அவன் வீடு, அவன் பெண்டாட்டி, அவன் பிள்ளை. சாவி மதுமதியின் இடுப்புக்குப் போகும். நாற்பத்தொரு வயதில், தான் வளர்த்த வீட்டில், தான் ஒரு மூலையில் பாய் போடவேண்டும். இதை அவள் அன்று நினைக்கவில்லை. ஆனால் நினைக்காமல் இருப்பதற்காக வழியில் வேகமாக நடந்தாள்.

ஏப்ரலில் நடராஜ் வரவில்லை. "இரண்டு வருஷம் கூட்டிக் கொடுத்துவிட்டேன்" என்று மதுமதிக்கு மூன்று வரி எழுதினான். மதுமதி கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவிட்டு, "வேனுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லணும்" என்று மட்டும் சொன்னாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு இட்லிக்கு ஆட்டிய மாவில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

மே மாதம் பேப்பரில் காஷ்மீர் எல்லையில் சண்டை நடக்கும் மலைகளின் பெயர்கள் வர ஆரம்பித்தன. ஜூன் பிறந்ததும் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து நூகு எழுந்து நின்றான். மேலப்பாளையத்து முஸ்லிம் பையன், ஜவுளிக்கடையில் வேலை, வகுப்பில் எல்லோரையும்விட ஒழுங்காகப் படிக்கிறவன்.

"டீச்சர், பதினோராம் பாடத்துல ஒரு சந்தேகம். அங்கயும் ஓட்டுப் போட்டுத்தானே வந்தாங்க? பொறவு எப்படி இந்தச் சண்டை?"

சுந்தரி வாயைத் திறப்பதற்குள் முன்பெஞ்சு ஏட்டு திரும்பிப் பார்த்தார். "ஏலே நூகு, அங்க உள்ள சேதி எங்களைவிட ஒனக்குத்தானலே நல்லாத் தெரியும்? ஒரு கடுதாசி போட்டுக் கேளேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நூகு சிரிக்கவில்லை. "எனக்கு அங்க யாரையும் தெரியாது சார். எனக்குப் பரீட்சை இருக்கு" என்று உட்கார்ந்தான்.

அந்த இடத்தில் சுந்தரி ஏட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அவள் மனசு நூகுவின் கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றது. வகுப்பை விட்டுவிட்டு அலமாரிக்குப் போய் அந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அந்தச் சின்னச் சொல் அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே, அவள் தமிழில் கொண்டுவராமலே விட்ட இரண்டு பத்திகள் இருந்தன. ஓட்டுப் போடப் பழகி வெகுநாளாகாத நாடுகளில் இது பொருந்தாமல் போகலாம். பட்டாளம் சர்க்காரின் சொல்லைக் கேட்காத நாடுகளில் பொருந்தாமல் போகலாம். ஜனங்களே கோபம் கொண்டு கிளம்பிவிட்டால், சண்டை வேண்டாம் என்கிறவனைத்தான் அவர்கள் தேர்தலில் தோற்கடிப்பார்கள். பரீட்சைக்கு வராது என்று அப்பாத்துரை விட்டுவிடச் சொன்ன பத்திகள். அன்றைக்கு அவளுக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அன்று மாலை மதுமதி கேட்டாள்: "என்ன மதினி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"தலைவலி" என்றாள் சுந்தரி.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை பத்தரை மணிக்குத் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்தது. கொண்டுவந்தவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும், சொல்லவில்லை. "படிச்சவங்க யாரையாவது கூப்பிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தெருவிலேயே நின்றார். மதுமதி அடுத்த வீட்டுக்காரரை டுடோரியலுக்கு அனுப்பினாள். சுந்தரி ஆட்டோவில் வந்து இறங்கியபோது வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். மதுமதி தந்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"என்ன போட்டிருக்கு மதினி? தமிழ்ல சொல்லுங்க."

சுந்தரி படித்தாள். ஒரு வரி. அந்த வரியில் விட்டுவிடக்கூடிய சொல் ஒன்றும் இல்லை. நம்பர் இருந்தது, பெயர் இருந்தது, தேதி இருந்தது. அவள் தன் வாழ்க்கையில் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே பிசகில்லாதது அதுதான்.

உடலைத் திருவனந்தபுரம் வரை விமானத்தில் கொண்டுவந்து, அங்கிருந்து பட்டாள வண்டியில் ஏற்றி வந்தார்கள். சாலையில் வந்துகொண்டிருந்த லாரி வரிசையின் மேல் குண்டு விழுந்ததாம். பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று கூட வந்த ஆள் மெதுவாகச் சொன்னார். தச்சநல்லூரில் அவ்வளவு கூட்டத்தை யாரும் பார்த்ததில்லை. எல்லாக் கட்சிக் கொடியும் அரைக்கம்பத்தில் பறந்தது. சுவரொட்டிகளில் நடராஜ் சிரித்தான். ஒன்றில் அவன் இனிஷியல் தப்பு. ரயில்வே கேட் வரைக்கும் மனிதத் தலைகள். கோஷம் ஏறிக்கொண்டே போனது. "விடாதே, விடாதே!" என்று ஒருவர் கத்தினால், ஆயிரம் பேர் திருப்பிக் கத்தினார்கள்.

தெருக்கோடி மாவுமில் மகேஸ்வரன் சுந்தரியிடம் வந்து நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. "ஒரே அடியா உள்ள புகுந்து முடிச்சிரணும்க்கா. பேச்சென்ன வேண்டிக்கெடக்கு? எலெக்சன் வருதுல்லா. உள்ள போவேன்னு எவன் சொல்லுதானோ அவனுக்குத்தான் என் ஓட்டு."

அவருக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேரும் கூட்டத்தில்தான் நின்றார்கள், பேன்ட்டும் வெள்ளைச் சட்டையுமாக. உன் மகனைக் குடு என்று இன்னும் யாரும் அவர் வாசலில் வந்து கேட்கவில்லை. இந்தத் தெருவில் ஒரு வீட்டில்தான் கேட்டிருந்தார்கள். அந்த வீட்டில் இருந்தவள் சரி என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

நூகு தெருமுனையில் நின்றான். யாரோ அவனை "நீ எங்கலே வந்த?" என்று கேட்டார்கள். "டீச்சர் வீட்டுக்கு" என்றான். அதற்கு மேல் உள்ளே வரவில்லை. பெட்டி ஆற்றங்கரைக்குக் கிளம்பும் வரை அங்கேயே நின்றுவிட்டுப் போனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். சண்டையும் ஜூலைக் கடைசியில் ஓய்ந்தது. வீட்டில் மூன்று பெண்கள், முன்பு போலவே. ஆனால் மதுமதி சாப்பிடவில்லை. காலையில் ஒரு வாய்க் காப்பி, மதியம் இரண்டு உருண்டை, அதுவும் விஜயஸ்ரீ அழுதால். டாக்டர் ஊசி போட்டார், டானிக் எழுதிக் கொடுத்தார். மதுமதியின் அம்மா திசையன்விளையிலிருந்து வந்து பத்து நாள் இருந்து, கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனாள். முழங்கை எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஏன் என்று சுந்தரிக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. மதுமதி கூரையைப் பார்த்துப் படுத்தபடி சொன்னாள்.

"தீவாளி லீவுல வந்திருந்தாங்கள்லா. அன்னைக்கு ஒருநாள் கோவத்துல சொல்லிட்டேன் மதினி. நீங்க இல்லாம இருந்து எங்களுக்குப் பழகிப்போச்சுன்னு. அவங்க பைய எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. அதை மனசுல வச்சுத்தான் ரெண்டு வருஷம் எழுதிக் குடுத்திருக்காங்க. வாறேன்னு சொன்ன மனுசன் ஏன் வரலை? நான்தான் வரவிடலை."

"அப்படியெல்லாம் இருக்காது மதி."

"வேற எதுக்கு எழுதிக் குடுத்தாங்க? சொல்லுங்க. வேற என்ன காரணம்?"

சுந்தரி எழுந்துபோய்க் கொல்லைக் கதவைச் சாத்தினாள். சாத்த வேண்டிய அவசியம் இல்லை.

அந்த வாரம் நடராஜின் கறுப்பு டிரங்குப் பெட்டி வந்துசேர்ந்தது. மதுமதிக்கு அதைத் திறக்கத் தெம்பில்லை. "நீங்களே பாருங்க மதினி" என்று சாவியைக் கொடுத்தாள். சுந்தரி பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கம்பளி பனியன், சவரப் பெட்டி, விஜயஸ்ரீயின் பள்ளிக்கூடப் போட்டோ. அடியில் ஷூ நாடாவால் கட்டிய கடிதக் கட்டு. பிரித்துப் பார்த்தாள். எல்லாம் மதுமதி எழுதியவை. சுந்தரி எழுதியது ஒன்றுகூட இல்லை. மதிக்குத் தெரியக்கூடாது என்று அவனே கிழித்துப்போட்டிருப்பான்.

இனி யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இளகி இறங்கியது. அதுதான் நிம்மதி என்று புரிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியும் அவள் வாயைத் திறக்கவில்லை. கடிதக் கட்டை மதுமதியின் தலைமாட்டில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். மூன்று நாள் போனாள், வந்தாள்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியான வெயில் முற்றத்தில் இறங்கியிருந்தது. சுந்தரி அடுப்படியில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் விஜயஸ்ரீ அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்: "அப்பா ஏம்மா அப்பவே வரலை? வேன் ஓட்ட வாறேன்னாங்கள்லா?"

மதுமதியின் குரல் தெளிவாகக் கேட்டது. "அம்மா வைதுட்டேம்ட்டி. அதான் வரலை. அம்மாவாலதான்."

சுந்தரி ரசச் சட்டியை அப்படியே தரையில் வைத்தாள். உள்ளே போனாள். "விஜி, போய் அடுத்த வீட்டுல வெளையாடு" என்றாள். பிள்ளை போகும் வரை நின்றாள். பிறகு மதுமதிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மதி, நீ சொன்னதுக்காக அவன் தங்கலை. நான் எழுதினேன். தங்கச் சொல்லி நான்தான் எழுதினேன்."

மதுமதி திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியாம டுடோரியலுக்கு லெட்டர் போட்டிருந்தான். வரட்டுமா, இருக்கட்டுமான்னு கேட்டான். சண்டை வருமான்னு கேட்டான். வராது, இருன்னு எழுதினேன்."

"வராதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"புஸ்தகத்துல இருந்தது. ரெண்டு பக்கமும் ஓட்டுப் போட்டு வந்த சர்க்காரா இருந்தா—"

"புஸ்தகத்துல வராதுன்னா போட்டிருந்தது?"

"இல்லை. அவ்வளவா வராதுன்னு போட்டிருந்தது. நான்தான் வராதுன்னு எழுதினேன்."

மதுமதி மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முற்றத்தில் காக்கை ஒன்று வந்து எதையோ கொத்திவிட்டுப் போனது.

"அவங்க டிரைவரு மதினி" என்றாள் கடைசியில். "வளைவுல அவ்வளவா வண்டி வராதுன்னு யாராவது சொன்னா, ஹாரன் அடிச்சு, நின்னு, பாத்துத்தான் திருப்புவாங்க. வராதுன்னு சொன்னா திருப்பிருவாங்க. அதுவும் நீங்க சொன்னா."

"தெரியும்."

"அந்த ஒத்தைச் சொல்லை விட்டு வச்சிருக்கலாம்லா?"

சுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னொண்ணு கேக்குதேன். உள்ளதைச் சொல்லணும்." மதுமதியின் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அவங்க வந்துட்டா நீங்க எங்கன இருப்பீங்கன்னு நெனைச்சீங்களா? அதுக்காகவும் எழுதினீங்களா?"

இல்லை என்ற சொல் வாய் வரை வந்தது. வந்த சொல்லைச் சுந்தரி நிறுத்தினாள். "தெரியலை மதி. சத்தியமாத் தெரியலை. இருக்கலாம்."

மதுமதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள். தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. சோற்றைப் போட்டு, தரையில் இருந்த சட்டியிலிருந்து ரசத்தை ஊற்றி, முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். பிசைந்து, உருட்டி, நிதானமாக. முடித்து இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். நடுவில் ஒருதரம் விக்கல் எடுத்தது. சுந்தரி தண்ணீர் எடுக்க எழுந்தாள். மதுமதி திரும்பாமலே இடது கையை நீட்டி, வேண்டாம் என்று காட்டினாள். சுந்தரி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து மதுமதி சொன்னாள்: "காலைல நானும் விஜியும் திசையன்விளை போறோம். நீங்க வரக்கூடாது. கடுதாசியும் போடக்கூடாது."

மறுநாள் எட்டு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டிரங்குப் பெட்டியை டிரைவரும் மதுமதியும் தூக்கி வைத்தார்கள். சுந்தரி ஒரு பக்கம் பிடிக்கப் போனபோது மதுமதி, "நாங்க வச்சுக்கிடுதோம்" என்றாள். எதிர்வீட்டு நடையில் நின்ற பெண்கள் எங்கே, எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள். மதுமதி அவர்கள் பக்கம் திரும்பாமல் பையை எடுத்து வைத்தாள். வீட்டுச் சாவியைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. அது சுந்தரியின் இடுப்பிலேயே இருந்தது.

விஜயஸ்ரீ ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, வெளியே தலையை நீட்டினாள். "அத்தை வரலையாம்மா?"

சுந்தரி வாசற்படியில் நின்றாள். மதுமதி இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள். பிள்ளைக்குத் தெரியவேண்டியதுதான், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு. அவள் காத்திருந்தாள்.

மதுமதி உள்ளே ஏறி, பிள்ளையின் தலையைப் பிடித்து மெல்ல உள்ளே இழுத்தாள்.

"அத்தைக்குக் கிளாஸ் இருக்குட்டி" என்றாள்.

ஆட்டோ ஜங்ஷன் பக்கம் திரும்பியது.